புதுப்பட்டை

எனக்குப் பால்வெட்டுப் பழக்கியபோது அப்பா முதல் நாள் கத்தியைக் கையில் தரவில்லை. குலசேகரத்துக்கு அருகே எங்களுக்கிருந்த சிறிய ரப்பர் விளையில், விடியலுக்கு முன், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மரத்தின் முன் என்னை நிறுத்தி, பட்டையில் கழலைபோல் புடைத்திருந்த ஓரிடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "கண்டியா மக்களே, இது போன மழைக்கு நான் காட்டின வேலை" என்றார். அவசரத்தில் கத்தி ஆழமாக இறங்கி, பட்டைக்கு உள்ளேயிருக்கும் மரக்கட்டையான தடியைத் தொட்டுவிட்டதாம். பால் ஓடும் நுண்குழல்கள் எல்லாம் பட்டைக்குள்தான் இருக்கின்றன. பட்டைக்கும் தடிக்கும் நடுவே, விரலுக்கு ஒரு வழுவழுப்பாக மட்டுமே தெரியும் மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. அந்தப் படைக்கு மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டினால், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை தழைத்து, சில ஆண்டுகளில் அங்கேயே மறுபடியும் கத்தி வைக்கலாம். படையைத் தொட்டுவிட்டாலும் மரம் சாவதில்லை, காயமும் ஆறும். ஆனால் முண்டும் முடிச்சுமாக ஆறும், அதன் மேல் கத்தி ஓடாது, பாலும் ஒழுங்காக வராது.

அந்த முண்டை நான் மறுபடியும் நினைத்துக்கொண்டது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, நாகர்கோவிலில் ஒரு நுரையீரல் மருத்துவரின் அறையில், அப்பாவின் சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் வேறோர் இடத்தில் அவருக்கு ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்துவந்தார்கள். மேட்டில் ஏறும்போது இளைக்கிறது, வறட்டு இருமல் விடவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு கூடியதே தவிர, முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டவர் எவரும் இல்லை. நாகர்கோவில் மருத்துவர் கேட்டார். வெல்க்ரோ ஒட்டுநாடாவைப் பிய்ப்பதுபோல் ஓர் ஒலி வருகிறது என்றார். படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி முழுவதும் சிறு சிறு ஓட்டைகள் அடுக்கடுக்காக நின்றன. இதைத் தேன்கூட்டுத் தோற்றம் என்று மருத்துவத்தில் சொல்வார்கள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் உறவினர்கள் எங்களுக்கு உண்டு. தேன்கூடு என்ற சொல்லை இப்படியோர் இடத்தில் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. நோயின் பெயர் நுரையீரல் நார்ப்பெருக்கம்; நுரையீரல் திசு தழும்புபோல் நாராகி விறைத்துப்போவது. காரணம் உறுதியாகத் தெரியாத வகை.

புகைப்புரைதான் காரணமா என்று அம்மா கேட்டார். எங்கள் ரப்பர் ஷீட்டுகளை நாங்களே புகைபோட்டு உலர்த்தினோம். தேங்காய்க் கதம்பையும் ரப்பர் விறகும் எரிய, நான்கைந்து நாள்கள் அந்தச் சிறு கட்டடத்துக்குள் அப்பா போய்வந்துகொண்டிருப்பார். இளமையில் பீடியும் உண்டு. மருத்துவர் எதன் மீதும் பழியைப் போடவில்லை: வயது, புகைப்பழக்கம், மரத்தூளும் புகையும், பிறவியிலேயே அமைந்த மரபணுக்கூறு ஆகிய எல்லாம் சேரும்போது இந்நோயின் வாய்ப்புக் கூடுகிறது என்று மட்டும் சொன்னார். மேனிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவனாகிய எனக்கு அந்தப் பதில் போதவில்லை. புகையை உள்ளிழுத்த எல்லாருக்கும் நுரையீரல் இப்படி ஆகவில்லையே. காயம் படுவது ஒன்று, காயம் எப்படி ஆறுகிறது என்பது வேறொன்று; இந்த இரண்டாவதை முடிவுசெய்வது எது என்று அப்போதிலிருந்து படித்துவருகிறேன்.

நுரையீரலில் காற்று நுண்ணறைகள் முப்பது கோடியிலிருந்து ஐம்பது கோடி வரை இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் உட்சுவரிலும் இருவகைச் செல்கள் உள்ளன. முதல் வகைச் செல்கள் மிகவும் மெலிந்து பரந்து, சுவரின் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடிக்கொள்கின்றன. காற்றும் இரத்தமும் வாயுக்களைக் கைமாற்றிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். இரண்டாம் வகைச் செல்கள் குண்டாக, மூலைகளில் ஒடுங்கியிருக்கும். இவற்றுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுக்குப் பொருளைச் சுரப்பது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இப்பொருளின் பற்றாக்குறையே காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் கண்டறிந்தார்கள். இன்னொன்று, முதல் வகைச் செல்கள் அழிந்தால் தாமே பெருகி, உருமாறி, அவற்றின் இடத்தை நிரப்புவது. மரத்தில் வளர்படைக்குள்ள இடம் நுரையீரலில் இந்த இரண்டாம் வகைச் செல்லுக்கு இருக்கிறது. ஒப்புமை முழுக்கப் பொருந்தாது. வளர்படை வெட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, இந்தச் செல்லோ புகைக்கும் கிருமிக்கும் நேரடியாக முகம் கொடுத்து நிற்கிறது. அதுவே அதன் தொல்லைகளுக்கெல்லாம் தொடக்கம்.

செல்லுக்குத் தொல்லை வரும்போது அது என்ன செய்கிறது என்பது முதலில் தெரியவந்தது ஒரு தற்செயலால். இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிடோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் பணிபுரிந்த ஒருவர் அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட, அந்த ஈக்களின் குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்புகள் எழுந்ததை ரிடோசா கண்டார். புடைப்பு என்றால் அங்கே மரபணுக்கள் மும்முரமாக இயங்குகின்றன என்று பொருள். 1962இல் அவர் இதை வெளியிட்டபோது பெரிதாகக் கவனித்தவர்கள் இல்லை. வெப்பத்தால் புரதங்கள் மடிப்புக் குலைந்து, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருபோல் திரண்டுவிடுகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடித்து மறுபடியும் மடிக்கும் துணைப்புரதங்களை உருவாக்கவே அந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் வெப்பம் மட்டுமின்றி நஞ்சு, உயிர்வளிக் குறைவு, அழற்சி எனப் பலவும் அவற்றை எழுப்புகின்றன. 1990களில் சில ஆய்வாளர்கள் எலிகளின் உடலை முன்னதாகவே சிறிது நேரம் சூடாக்கிவைத்து, பிறகு அவற்றுக்குக் கடுமையான குருதித் தொற்றை உண்டாக்கினார்கள். சூடுபட்ட எலிகளின் நுரையீரல் குறைவாகவே சேதப்பட்டது, பிழைத்தவையும் மிகுதி. சிறிய நெருக்கடியொன்று பெரிய நெருக்கடிக்குச் செல்களை ஆயத்தப்படுத்திவிட்டது.

இதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்றே எழுதுகிறார்கள். நம் செய்தித்தாள்கள் அச்சொல்லைப் பார்த்தவுடன் மன அழுத்தம் என்று மொழிபெயர்த்து, கவலைப்பட்டால் நுரையீரல் கெடும் என்கிற அளவுக்குப் போய்விடுகின்றன. செல்லுக்குக் கவலை இல்லை. வேலை மிஞ்சிப்போகிறது, பொருள் பற்றாமல் போகிறது, இருப்பது பழுதாகிறது, அவ்வளவுதான். நெருக்கடி எதிர்வினை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாம் வகைச் செல் ஓயாமல் சுரக்கிற செல். அதன் புரதங்கள் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் மடிக்கப்பட்டு வெளியே போகின்றன. மடிப்பு தவறிய புரதங்கள் அங்கே குவியத் தொடங்கினால், அந்தச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் வழி ஒன்று உண்டு. பீட்டர் வால்டரும் கசுதோஷி மோரியும் 1990களில் ஈஸ்ட்டை வைத்து அதைக் கண்டறிந்தார்கள். 2014இல் லாஸ்கர் விருது இருவருக்கும் கிடைத்தது. வழியின் முதல் நோக்கம் நல்லதுதான்: துணைப்புரதங்களைக் கூட்டுவது, பழுதானவற்றை அகற்றுவது, புதிய புரத உற்பத்தியைச் சற்று நிறுத்திவைப்பது. நெருக்கடி தீர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். தீராவிட்டால் அதே வழி செல்லைச் சாவுக்கு அனுப்பும்.

இது வெறும் ஈஸ்ட் கதையாக நிற்காமல் மனித நுரையீரலுக்கு வந்தது 2001இல். நுரையீரல் திசு தடித்துப்போகும் நோய் கொண்ட ஒரு கைக்குழந்தையிடமும் அதன் தாயிடமும், சர்ஃபாக்டன்ட் புரதம் சி என்பதற்கான மரபணுவில் ஒரே பிழை காணப்பட்டது. அந்தப் புரதம் இரண்டாம் வகைச் செல்லில் மட்டுமே உருவாவது. இவ்வகைப் பிழைகளால் தவறாக மடிந்த புரதம் செல்லுக்குள்ளேயே தங்கி, தீராத நெருக்கடியை உண்டாக்குகிறது என்று அடுத்துவந்த ஆய்வுகள் காட்டின. நார்ப்பெருக்கம் என்றால் நார் நெய்யும் செல்களின் மிகையான வேலை என்றே அதுவரை பெரும்பாலும் எண்ணிவந்தார்கள்; நோய் தொடங்குமிடம் மேற்பரப்புச் செல்லின் உள்ளேயும் இருக்கலாம் என்பது இதன் பிறகுதான் வலுப்பெற்றது. பரம்பரையாக இந்நோய் வரும் சில குடும்பங்களில், குரோமோசோம் முனைகளைப் பேணும் டெலோமரேஸ் நொதியின் மரபணுவில் பிழை இருப்பது 2007இல் தெரிந்தது. அதுவும் இதே திசையைக் காட்டியது: முனை தேய்ந்த செல்லால் பெருக முடியாது, பெருக முடியாத செல்லால் காயத்தை மூட முடியாது.

புகைக்கென்று தனியாக ஓர் எதிர்வினை இருக்கிறது. என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்து, உருவாக உருவாக அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புகையிலுள்ள வேதிப்பொருள்கள் கீப்1இன் மேல் ஒட்டிக்கொண்டால் பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, குளுட்டாதையோன் போன்ற காப்புப் பொருள்களை உருவாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளைச் சிகரெட் புகையில் வைத்தபோது அவற்றின் நுண்ணறைச் சுவர்கள் மற்ற எலிகளைவிட மோசமாகச் சிதைந்தன. அப்படியானால் என்ஆர்எஃப்2 எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். நுரையீரல் புற்றுகள் பலவற்றில் கீப்1 மரபணு பழுதாகி, இந்தக் காப்பு ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. நம் செல்லைக் காப்பது புற்றுச் செல்லையும் காக்கிறது.

இந்த இடத்தில் குடும்பச் சண்டை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோய் தெரிந்த ஒரு மாதத்துக்குள் உறவினர் ஒருவர், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். நுரையீரலைக் கழுவிவிடும் என்றார். பின்லாந்தில் ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயதுக்குட்பட்ட, புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1994இல் வெளிவந்தது: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இதை நான் எடுத்துச்சொன்னது, மாமாவிடம் மரியாதை இல்லாமல் பேசியதாகத்தான் முடிந்தது. டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

2021 மே மாதத்தில் என் அத்தை மகனுக்குக் கோவிட் கடுமையாக வந்து, இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்டு, அதிக அளவில் ஆக்சிஜன் கொடுக்க வேண்டிவந்தது. வயது முப்பத்து நான்கு. நுண்ணறைகளுக்குள் திரவம் கசிந்து நிறையும் இந்த நிலையை 1967இல்தான் டென்வர் மருத்துவர்கள் தனியான ஒன்றாக முதன்முதலில் விவரித்தார்கள். பன்னிரண்டு நோயாளிகள், அவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அதன் பின் மருத்துவம் கற்றவற்றுள் பெரிய பாடம், காற்றைத் தள்ளும் கருவியே காயப்படுத்தும் என்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் உடல் எடைக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்று தள்ளுவதற்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் தள்ளினால் இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. மிகையாக இழுபடுவதும் செல்லுக்கு ஒரு நெருக்கடி. கருவி வைக்கும் நிலைக்குப் போகாமல் அவன் தப்பினான். நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நுரையீரல் ஏறத்தாழப் பழையபடி இருந்தது. இப்போது மறுபடியும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். அதே மாதங்களில் அப்பா, கோவிட் வராமலேயே, முற்றத்திலிருந்து அடுக்களைவரை நடப்பதற்கு இரண்டு முறை நிற்கத் தொடங்கியிருந்தார். இருவருக்கும் பட்டது நுண்ணறைக் காயம். ஒன்றில் புதுப்பட்டை, மற்றொன்றில் முண்டு.

இந்த வேறுபாட்டுக்கு எனக்குக் கிடைத்தவற்றுள் மிகத் தெளிவான விடை 2020இல் வந்தது. எலிகளின் நுரையீரலைக் காயப்படுத்தி, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியாகப் படித்த வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள், ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் கண்டன. இரண்டாம் வகைச் செல் நேராக முதல் வகைச் செல்லாக மாறிவிடுவதில்லை. நடுவே ஓர் இடைநிலை இருக்கிறது. அந்த நிலையில் செல் தன் பழைய அடையாளத்தைக் கைவிட்டிருக்கும், புதியதை இன்னும் பெற்றிருக்காது. கெரட்டின் 8 என்ற புரதம் அதில் மிகுந்திருக்கும். பழுதான செல் பெருகுவதைத் தடுக்கும் பி53 புரதம் உட்பட, நெருக்கடிக்கும் முதுமைக்கும் உரிய வழிகள் எல்லாம் விழித்திருக்கும். ஆரோக்கியமாக ஆறும் நுரையீரலில் இது சில நாள்கள் தங்கும் சத்திரம். செல்கள் அதைக் கடந்து போய்விடுகின்றன. நார்ப்பெருக்க நோயாளிகளின் நுரையீரலை அதே முறையில் ஆராய்ந்தபோது, இதை ஒத்த செல்கள் நார்த்திட்டுகளின் ஓரத்திலேயே குவிந்து, போகாமல் நின்றுகொண்டிருந்தன. அவை சும்மா நிற்கவில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையைத் தூண்டி, பக்கத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் நார் நெய்யும் செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உருவாக்க வைக்கின்றன. நார் கூடக்கூடச் சுவர் விறைக்கிறது, விறைத்த சுவர் இழுபடும்போது இன்னும் கூடுதலான டிஜிஎஃப்-பீட்டா விடுபடுகிறது.

செல் ஏன் நடுவழியில் நின்றுவிடுகிறது என்ற கேள்விக்குத்தான் நெருக்கடி எதிர்வினை விடையாக வருகிறது. செல்லில் நான்கு காவல்கள் இருக்கின்றன: மடிப்பு தவறிய புரதத்தைக் காண்பது பெர்க், வைரஸைக் காண்பது பிகேஆர், அமினோ அமிலப் பற்றாக்குறையைக் காண்பது ஜிசிஎன்2, ஹீம் குறைவைக் காண்பது எச்ஆர்ஐ. நான்கும் போய்த் தட்டுவது ஒரே கதவைத்தான். எது தட்டினாலும் செல்லின் பொதுவான புரத உற்பத்தி தணிந்து, சில அவசரப் புரதங்கள் மட்டும் உருவாகும். காவலே இல்லாமலிருப்பதும் ஆபத்து. ஜிசிஎன்2 மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதானவர்களுக்கு நுரையீரலின் நுண்சிரைகள் அடைபடும் அரிய நோய் வருவதாக 2014இல் கண்டார்கள். எனவே எதிர்வினையைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. தட்டுவது நிற்காதபோதுதான் கேடு: உருமாறுவதற்கு வேண்டிய புதுப் புரதங்களை உருவாக்க அனுமதி கிடைக்காமல் செல் சத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. பீட்டர் வால்டரின் ஆய்வகம் 2013இல் கண்டறிந்த இஸ்ரிப் என்ற சிறு மூலக்கூறு, தட்டும் காவலை ஒன்றும் செய்யாமல் கதவை மட்டும் திறந்துவிடக்கூடியது. அதை நார்ப்பெருக்கம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது, இடைநிலையில் நின்ற செல்கள் முன்னே நகர்ந்தன, நாரும் குறைந்தது. 2021இல் வெளிவந்த முடிவு இது.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு, அத்தை மகனுக்கு முப்பத்து நான்கு என்பதும் சிறிய செய்தியன்று. இளம் எலிகளின் நுரையீரலில் உண்டாக்கிய நார், காலப்போக்கில் பெரும்பாலும் கரைந்துபோகிறது. முதிய எலிகளில் தங்கிவிடுகிறது. முதிய எலிகளின் நார் நெய்யும் செல்களில் ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்கும் நொதி மிகுந்தும், அதை ஈடுசெய்ய வேண்டிய என்ஆர்எஃப்2 எழாமலும் இருந்ததை 2014ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. வேலை முடிந்தபின் அழிந்துபோக வேண்டிய அந்தச் செல்கள் அழிய மறுத்தன.

இடைவெளி இல்லாத நெருக்கடியே கேடு என்பது பால்வெட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்தை விடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. இழந்த பாலை மரம் மறுபடியும் ஊற வைக்க அந்த இடைவெளி வேண்டும். விலை ஏறிய ஆண்டுகளில் நாள்தோறும் வெட்டி, போதாததற்குப் பால் கூடுதலாக வடியப் பட்டையில் மருந்தும் தடவியவர்களின் விளைகளில், வெட்டுக்கோடு வறண்டு பால் நின்றுபோன மரங்களைப் பார்த்திருக்கிறேன். கத்தி ஆழமாகப் போகவே இல்லை. இடைவெளி மட்டும் தரப்படவில்லை. அங்கேயும் மரத்தின் பால்குழல்களில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி மிஞ்சிப்போவதே நடக்கிறது என்று ரப்பர் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

அப்பாவுக்குக் கொடுத்த மருந்து பிர்ஃபெனிடோன். அதுவும் நின்டெடானிபும் 2014 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. இரண்டுமே நோய் நகரும் வேகத்தைக் குறைக்கும், நகர்ந்ததைத் திருப்பாது. மாத்திரையால் அவருக்குச் சோற்றின் மணமே பிடிக்காமல் போயிற்று, வெயிலில் இறங்கினால் தோல் சிவந்தது. வெயிலில் இறங்காதே என்று ஒரு விளைக்காரரிடம் சொல்வது என்ன சிகிச்சையோ. புகைப்புரையின் கதவைப் பூட்டிவிட்டு, ஷீட்டைப் புகைபோடாமலேயே கடைக்குக் கொடுக்கத் தொடங்கினோம். கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தது.

ஒரு மாலை, படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். நடுவழியில் நிற்கும் செல்லைப் பற்றிச் சொன்னபோது, "அப்ப அது சாகவும் இல்ல, வளரவும் இல்ல, இல்லா?" என்று சரியாகப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாள் விட்டுப்பிடித்தால் அது கிளம்பும் என்று கேட்டார். மனிதர்களில் அதை யாரும் இன்னும் காட்டவில்லை, எலிகளில் மட்டும் ஒரு மருந்தால் நடந்திருக்கிறது என்றேன். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் விளைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாசி மாதம், மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்விட்டுக்கொண்டிருந்தன, வெட்டு நிறுத்தியிருந்தோம்.

"எலிக்காவது கொணமாச்சே மக்களே" என்றார்.

அன்று இரவு ஆக்சிஜன் கருவியின் அளவை இரண்டு லிட்டரிலிருந்து மூன்று லிட்டராகக் கூட்டி வைத்தோம்.